சுவரைத் தட்டிய வக்கீல்

"வக்கீலை மாத்தணும்னா என்ன செய்யணும்?"

வந்து உட்கார்ந்தவள் கேட்ட முதல் கேள்வியே இதுதான். ரேடியோ பாதிக் கொட்டாவியை அப்படியே விழுங்கினான். துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் புருஷனைப் பின்தொடரச் சொல்வார்கள், தொலைந்த நாயைத் தேடச் சொல்வார்கள். வக்கீலை மாற்ற வழி கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

"சட்டையை மாத்தற மாதிரிதான்கா," என்றான். "என்ன, கழட்டறதுக்கு சட்டையோட சம்மதமும் வேணும்."

"ரேடியோ, சத்தத்தைக் குறை," என்றார் பாஸ்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தூக்கத்தில்கூடப் பேச்சு நிற்காததால் ஊர் வைத்தது. பாஸ் ஒரு காலத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டுக் கோர்ட்டில் சாட்சிகளை அழ வைத்த அம்மாள். கோட்டை ஏன் கழற்றினார் என்று ரேடியோ ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறான். அன்று முழுவதும் பரணைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

வந்தவள் செருப்புத் தொழிற்சாலையில் தைப்பவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. அவள் தம்பி பல் டாக்டர் ஒருவரிடம் கம்பவுண்டராக இருந்தான். மூன்று மாதம் முன்பு ஒரு மதியம், அந்த டாக்டர் தன் கிளினிக்கின் பின்பக்க இரும்புப் படிக்கட்டுக்குக் கீழே கழுத்து முறிந்து கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஊளையிட்டு அழுதுகொண்டிருந்தவன் கம்பவுண்டர். அன்று காலைதான் டாக்டரோடு சண்டை போட்டு, "நீங்க படியில உருண்டுதான் சாவீங்க" என்று தெருவே கேட்கும்படி கத்தியிருந்தான். போலீசுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கொலைக் கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிட்டார்கள்.

"மதியம் பேஷண்ட் யாரும் கிடையாதும்மா. பஞ்சு வாங்கக் கடைக்குப் போனானாம். பின்பக்கமா வந்து பாத்தா டாக்டர் கிடக்கறாரு. கடைக்காரருக்கு இவன் வந்தது ஞாபகமில்லையாம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குக் கோர்ட்டுல குற்றச்சாட்டை வாசிப்பாங்களாம். ஒப்புக்கறியான்னு கேப்பாங்களாம். ஒப்புக்கறேன்னு சொல்லப் போறான்."

"கொன்னானா?" என்றார் பாஸ்.

"எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். ஆனா தன் வாய் பலிச்சிடுச்சுன்னு நினைக்கறாம்மா. தினமும் கனவுல டாக்டர் வந்து நிக்கறாராம். ஒண்ணும் பேசறதில்லையாம். ரப்பர் உறை போட்ட கையைத் தூக்கிக்கிட்டு, முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கிட்டு, சும்மா பாக்கறாராம். 'ஒப்புக்கிட்டா போயிடுவார்க்கா'ங்கறான்."

ரேடியோ நாற்காலியைச் சன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டான்.

"கையில உறை, தாடைக்குக் கீழே முகமூடி," என்று பாஸ் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அது கனவுல மட்டும்தானா?"

"இல்லம்மா. படிக்கட்டுக்குக் கீழே கிடந்தப்பவும் அப்படித்தான் இருந்தாராம். சாமான் கழுவிட்டிருந்திருப்பார்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க."

"சாமான் கழுவறது யாரு வேலை?"

"இவன் வேலைதான்."

பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாஸ் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கெட்ட காலம் என்பது ரேடியோவின் அனுபவம்.

"உன் தம்பி ஒண்ணைப் புரிஞ்சுக்கலை. கோர்ட்டுல ஒப்புக்கறதும் சாமி முன்னாடி அழறதும் ஒண்ணு இல்ல. மனசு உறுத்துதுன்னு ஒப்புக்கிட்டா, கொலை பண்ணேன்னு எழுதித் தண்டனை குடுத்துடுவாங்க. அப்புறம் வாயால திட்டினேன், கையால தள்ளலைன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? இதையெல்லாம் அவனுக்குச் சொல்ல வேண்டியது வக்கீல். அவர் என்ன சொல்றார்?"

"அதாம்மா எனக்குப் புரியலை. பெரிய வக்கீல். அவர் எழுந்து நின்னாலே கேஸ் பாதி ஜெயிச்ச மாதிரின்னு சொல்றாங்க. ஆனா என் தம்பியைப் பாக்கப் போனா கண்ணைப் பாத்துப் பேசறதில்லை. அன்னிக்கு எங்க போனே, யார் பாத்தாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை."

"நீதான் அவரை வச்சியா?"

"எனக்கேது அந்த வசதி? டாக்டரோட தம்பிதான் வச்சுக் குடுத்தாரு. 'எங்க அண்ணன் பிள்ளை மாதிரி வளர்த்தவன், அவன் செஞ்சிருக்க மாட்டான்'னு சொல்லி. போலீஸ் என் தம்பியைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே வக்கீல் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தாரும்மா."

"அடேங்கப்பா," என்றான் ரேடியோ. "ஆம்புலன்ஸ்கூட அவ்வளவு சீக்கிரம் வராதே!"

இந்த முறை பாஸ் அவனை அடக்கவில்லை. எழுந்து கைப்பையை எடுத்தார்.

---

டாக்டரின் தம்பி விளக்குக் கடைக்காரர். பட்டப்பகலிலும் கடை முழுக்கத் தொங்கு விளக்கும் சுவர் விளக்குமாக எரிந்துகொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் ரேடியோ தன் காலடியைப் பார்த்தான். நிழலைக் காணோம். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

கடைக்காரர் நல்ல உயரம். தாடி நாலைந்து நாளாக மழிக்காமல் இருந்தது. இடது கன்னம் லேசாக வீங்கியிருக்க, பக்கத்தில் போனால் கிராம்புத் தைலம் மணத்தது. வந்தவர்களுக்கு ஃப்ரிட்ஜிலிருந்து சோடா எடுத்துக் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டார். தலையை வலப்பக்கம் சாய்த்துத்தான் குடித்தார்.

"பல்வலியா சார்? வீட்டுலயே டாக்டரை வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்த ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடைக்காரர் கோபப்படவில்லை. "அண்ணன் போனதுக்கப்புறம் வேற யார்கிட்டயும் வாயைக் காட்ட மனசு வரலை தம்பி," என்றார். கண் கலங்கியது. ரேடியோவுக்குத் தன்னையே நாலு அறை விடலாம் போல இருந்தது.

"கம்பவுண்டருக்கு வக்கீல் வச்சது பெரிய மனசு," என்றார் பாஸ். "ஊர்ல அத்தனை வக்கீல் இருக்கும்போது இவரை ஏன் பிடிச்சீங்க?"

"அண்ணனுக்குப் பழக்கம்மா. கிளினிக்குக்கு அடுத்த ரூம்தான் அவர் ஆபீஸ். நடுவுல ஒரு சுவர்தான்."

"பையன் நாளைக்கு ஒப்புக்கப் போறானாமே?"

"நானும் ஜெயில்ல போய்ப் பாத்தேன். மனசுல பாரம் இருந்தா இறக்கி வச்சுடுப்பா, கோர்ட்டு இரக்கம் காட்டும்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும், சொல்லுங்க?"

வெளியே வந்து தெரு வெயிலில் நின்றதும் ரேடியோ தன் நிழலைக் கண்டு நிம்மதியானான்.

"தங்கமான மனுஷன் பாஸ்."

"அவன் செய்யலைன்னு வக்கீல் வைக்கிறார். அப்புறம் ஜெயிலுக்குப் போய் ஒப்புக்கோன்னு சொல்றார். எந்தத் தங்கம்டா அது?"

 

---

பெரிய வக்கீலின் ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. பக்கத்திலேயே போலீஸ் அரக்கு முத்திரை வைத்துப் பூட்டிய கிளினிக் கதவு. கதவில் ஒட்டியிருந்த பல் படம் ஒன்று சிரித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் ரேடியோ பக்கவாட்டில் நடந்து போனான்.

"வாம்மா," என்றார் வக்கீல். பாஸ் கோட்டுப் போட்ட முதல் நாளில் ஜூனியராகச் சேர்ந்தது அவரிடம்தான். மலை மாதிரி மனிதர் என்று ரேடியோ கேள்விப்பட்டிருந்தான். இங்கே உட்கார்ந்திருந்தவர் சாப்பிட்டுப் பல நாள் ஆனவர் போல இருந்தார்.

பாஸ் உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். வக்கீலின் பெரிய மேஜை வாசலை அடைத்த மாதிரி ஒரு மூலையில் முடங்கிக் கிடந்தது. எதிர்ச் சுவரோரம் தரையில் அதன் நாலு காலும் பதிந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன.

"மேஜையை ஏன் சார் நகர்த்தினீங்க? நான் ஜூனியரா இருந்த காலத்துலேர்ந்து அந்தச் சுவரோரமாத்தானே இருந்தது?"

"காத்து வரலை."

"சன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கு."

 குறுக்கு விசாரணையில் பெயர் வாங்கியவரை அவர் ஜூனியரே மடக்குவதைப் பார்க்க ரேடியோவுக்குப் பாவமாக இருந்தது. அதை லேசாக்கலாம் என்று நினைத்து, "சுவர்ல பேய் கீய் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டான்.

வக்கீல் முகம் வெளுத்துவிட்டது. ரேடியோ கேட்டதை நினைத்து நொந்துகொண்டான்.

"அந்தப் பக்கம்தான் டாக்டரோட சிகிச்சை ரூம்," என்று வக்கீல் மெதுவாக ஆரம்பித்தார். "பல்லைக் குடையற மெஷினைப் போட்டா இங்க மண்டைக்குள்ள குடையும். கட்சிக்காரர் பேசறது காதுல விழாது. அதனால எங்களுக்குள்ள ஒரு வழக்கம். நான் சுவரை ரெண்டு தட்டு தட்டுவேன். அவர் மெஷினை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். எத்தனையோ வருஷமா அப்படித்தான். ஒரு நாளும் கோவிச்சுக்கிட்டதில்லை."

"அன்னிக்கு மதியம் தட்டினீங்களா சார்?"

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் எழுந்து சன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"தட்டினேன். நின்னுது. காத்திருந்த நேரத்துல ரெண்டு பேர் பேசற சத்தம் கேட்டுது. 'கையெழுத்துப் போட மாட்டேன்'னு டாக்டர் கத்தினார். அப்புறம் பின்பக்கக் கதவு படார்னு சாத்தற சத்தம். அதோட ஒண்ணுமில்லை. காலையில போட்ட சண்டையை கம்பவுண்டர் திரும்ப ஆரம்பிச்சுட்டான் போலிருக்குன்னு நானும் என் வேலையைப் பாத்தேன்." அவர் குரல் தேய்ந்தது. "வக்காலத்துப் போட்டப்புறம் போலீஸோட முதல் தகவல் அறிக்கையைப் படிச்சப்பதான் உறைச்சுது. அன்னிக்கு மதியம் பேஷண்டே கிடையாதுன்னு அதுல இருக்கு. ஆள் இல்லாத நாற்காலிக்கு யாராவது மெஷினைப் போடுவாங்களா?"

"கம்பவுண்டர் வாயையே குடைஞ்சிருந்தா?" என்றான் ரேடியோ.

"பாத்தேன். அவன் பல்லு முத்து மாதிரி இருக்கு."

"அப்ப மூணாவதா ஒரு ஆள் இருந்திருக்கார்," என்றார் பாஸ். "அது உங்களுக்கு மூணு மாசமாத் தெரியும். ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நான் அவனோட வக்கீல். ஒரே கேஸ்ல வாதாடறவனே சாட்சியாவும் இருக்க முடியாது. அது உனக்குத் தெரியாதா? சொல்லணும்னா கேஸை விடணும். விட்டா அந்த ஏழைப் பையனுக்கு யார் நிப்பா? இப்படியே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு..." அவர் நிறுத்தி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். "பொய். பயம். நான் தட்டலைன்னா டாக்டர் பல்லை அடைச்சு முடிச்சு அனுப்பியிருப்பார். சண்டை வந்திருக்காது. இப்ப மதியம் ஆனா அந்தப் பக்கத்துலேர்ந்து தட்டறாங்கம்மா. ரெண்டு தட்டு. நான் தட்டற மாதிரியே."

டொக். டொக்.

ரேடியோ எப்போது நாற்காலியை விட்டு எழுந்தான், எப்போது பாஸின் பின்னால் போய் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். பாஸ் மட்டும் நடந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு வெளியே போய், கிளினிக் கதவின் முத்திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அரக்கு உடையாமல் அப்படியே இருந்தது.

"தண்ணிக் குழாயா இருக்கும் பாஸ்," என்றான் ரேடியோ. குரல் அவனுடையது மாதிரி இல்லை.

"இந்தச் சுவர்ல குழாய் இல்லைடா," என்றார் பாஸ்.  வக்கீலுக்கு எதிரே வந்து முதல் முறையாக உட்கார்ந்தார்.

"சார், நீங்க தட்டினது உங்களுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. நாற்காலியில வாயைத் திறந்து படுத்திருந்தவனுக்கும் கேட்டிருக்குமே?"

வக்கீல் நிமிர்ந்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. ஏதோ பத்திரத்துல கையெழுத்துப் போட மறுத்த அண்ணனைத் தள்ளிவிட்டாச்சு. இந்தக் காதை என்ன செய்யறது? இன்னொரு கொலையா? வேண்டாம். அதைவிடச் சுலபமான வழி இருக்கு. அழுதுக்கிட்டே ஓடி வந்து, உங்களையே கம்பவுண்டருக்கு வக்கீலா வச்சுட்டான். நீங்க வக்காலத்துல பேரை எழுதின நிமிஷத்தோட சாட்சி செத்துப் போச்சு."

"அண்ணனையா? விளக்குக் கடைக்காரரா?" ரேடியோ கத்தியேவிட்டான். "பாஸ், அந்தக் கன்னம்! கிராம்புத் தைலம்!"

"பாதி குடைஞ்ச பல்லு. அடைக்க வேண்டியவர் படிக்கட்டுக்குக் கீழே கிடக்கறார். வேற டாக்டர் யார் பாத்தாலும், இந்த வேலையை யார் ஆரம்பிச்சது, ஏன் நடுவுல விட்டாங்கன்னு கேப்பாங்க. அதான் மூணு மாசமா வெந்நீரும் வலியுமா உக்காந்திருக்கான்."

"அவனுக்கு எப்படிம்மா இந்தச் சட்டமெல்லாம்..." என்று தொடங்கிய வக்கீலின் வாய் திறந்தபடியே நின்றது. அவர் முகம் மெல்ல மெல்ல உடைவதை ரேடியோ பார்த்தான். "நான்தான். நான்தான் சொல்லிக் குடுத்தேன். போன வருஷம் கீழே வாசல்ல டாக்டர் மேல ஒருத்தன் வண்டியை மோதிட்டான். கேஸை எடுத்துக்கச் சொல்லி இந்தத் தம்பிதான் வந்தான். சன்னல்லேர்ந்து நானே பாத்துட்டேன், நான் சாட்சி, அதனால வாதாட முடியாதுன்னு உக்கார வச்சு விளக்கமாச் சொன்னேன்."

 

"நாளைக்குக் கேஸை விட்டுட்டுக் கூண்டுல ஏறுங்க சார்," என்றார் பாஸ்.

"என்னைக் கிழிச்சுடுவாங்கம்மா. மூணு மாசம் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க. பதில் சொல்லுங்க."

வக்கீல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படி இறங்கியதும் பாஸ் கம்பவுண்டரின் அக்காளுக்கு ஃபோன் போட்டார். "இன்னிக்கே புதுசா ஒரு வக்கீலைப் பாரு. நான் சொல்ற மூணு பேரையும் போய்ப் பாத்துட்டு நீயே முடிவு பண்ணு. எவ்வளவு நல்லாப் பேசறாங்கன்னு பாக்காதே. நீ பேசும்போது கேக்கறாங்களான்னு பாரு. யார் வச்சுக் குடுத்தாலும் வக்காலத்துல கையெழுத்துப் போடறது உன் தம்பி. அப்ப அவர் உன் தம்பியோட வக்கீல். அதை அவனுக்குச் சொல்லு."

"பெரிய வக்கீல் விட்டுக்குடுப்பாராம்மா?"

பாஸ் மாடிச் சன்னலை அண்ணாந்து பார்த்தார். "தெரியலைம்மா," என்றார்.

---

கோர்ட்டில் மின்விசிறிகள் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தன. கூண்டில் கம்பவுண்டர் நின்றான். இளைத்துப் போயிருந்தான். யாரும் இல்லாத ஒரு மூலையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அவன் யாரைப் பார்க்கிறான் என்பது ரேடியோவுக்குத் தெரியும். அந்தப் பக்கம் ரேடியோ திரும்பவேயில்லை.

விளக்குக் கடைக்காரர் முன் வரிசையில் கன்னத்தில் கைக்குட்டையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பெரிய வக்கீலின் நாற்காலி காலியாக இருந்தது. அக்காள் அதையே பார்த்துக்கொண்டு விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

நீதிபதி காகிதத்தைக் கையில் எடுத்தபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது. பெரிய வக்கீல் உள்ளே வந்தார். கோட்டு இல்லை. கழுத்தில் வெள்ளைப் பட்டை இல்லை. சாதாரணச் சட்டையில் அவர் யாரோ கட்சிக்காரர் மாதிரி தெரிந்தார்.

"இந்த வழக்கிலிருந்து நான் விலகிக்கறேன்," என்றார். "நான் இதுல சாட்சி. அன்னிக்கு மதியம் அந்த ரூம்ல டாக்டரோட இன்னொருத்தர் இருந்தார். என் காதால கேட்டேன். இவ்வளவு நாள் சொல்லாதது என் தப்பு. அதுக்கு என்னை என்ன கேட்டாலும் பதில் சொல்றேன்."

கூட்டம் சலசலத்தது. விளக்குக் கடைக்காரர் எழுந்து நிதானமாக வாசலைப் பார்த்து நடந்தார். வாசலில் ரேடியோ கதவை அடைத்துக்கொண்டு நின்றான்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க? பல் டாக்டர்கிட்டயா?" என்றான். "உக்காருங்க. கோர்ட்டே ஏற்பாடு பண்ணும்."

கைக்குட்டை கீழே விழுந்தது. பின்னால் நின்ற போலீஸ்காரர் ஓரடி முன்னே வந்தார்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒல்லியான ஒரு பெண் வக்கீல் எழுந்து, கம்பவுண்டருக்காகத் தான் ஆஜராவதாகச் சொன்னாள். காலையில் ஜெயில் வண்டியிலிருந்து அவனை இறக்கியபோது கையெழுத்து வாங்கியிருந்தாள். நேற்று சாயங்காலம் அக்காள் சொன்னது அத்தனையையும் இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டவள் அவள்தான்.

நீதிபதி பெரிய வக்கீலை உட்காரச் சொன்னார். சாட்சி சொல்ல நேரம் வரும்போது கூப்பிடுவதாகச் சொன்னார். பிறகு குற்றச்சாட்டை வாசித்துவிட்டுக் கூண்டைப் பார்த்தார்.

"கேட்டீங்களா? இந்தக் கொலையை நீங்க செஞ்சதா ஒப்புக்கறீங்களா?"

கம்பவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண்ணை அந்த மூலையிலிருந்து எடுக்கவில்லை.

"நான் அவரைத் திட்டினேன் ஐயா. படியில உருண்டு சாவீங்கன்னு சொன்னேன்."

"அதை நான் கேக்கலை," என்றார் நீதிபதி. "திட்டினதுக்கு இங்க விசாரணை கிடையாது. கொன்னீங்களா?"

அக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள்.  கம்பவுண்டர் அந்தக் கேள்வியை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்பவன் போல நீதிபதியின் பக்கம் திரும்பினான்.

"இல்லை," என்றான். "நான் கொல்லலை."

சொன்னவன் கூண்டுக்குள்ளேயே மடங்கி உட்கார்ந்தான். மூன்று மாதமாக டாக்டருக்குப் பயந்துகொண்டிருந்தவன், அப்போதுதான் டாக்டருக்காக அழுதான்.